பியானோவுக்குள் கை விடும் ஃபாஸில் சாய், நம்ம வில்லுப்பாட்டுக் குடம்: ஒரு சந்தேகம்

கொக்கிரகுளம் கீபோர்டு:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு சர்ச்சில் பத்து வருடமாக ஆர்கன் வாசிக்கிறேன். பியானோவில் எட்டாவது கிரேடு வரை முடித்திருக்கிறேன். அம்மா வழித் தாத்தா வீடு வள்ளியூர் பக்கம், வீட்டுக்கு எதிரேயே சுடலைமாடன் கோயில். கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு வைத்தால் எங்களை உள்ளே போய்ப் படுக்கச் சொல்வார்கள், நான் திண்ணையிலேயே கிடந்து விடிய விடியக் கேட்பேன். கதை பாதி புரியாது. ஆனால் குடத்தின் வாயில் பத்தி என்ற மட்டையால் அடிக்கும்போது ஒரு 'கும்' வருமே, அது காதில் விழாது, நெஞ்சுக்குழியில்தான் விழும். அது மட்டும் இன்னும் போகவில்லை.

போன வருடம் ஒரு வில்லுப்பாட்டு மெட்டை எடுத்து, மேற்கத்திய முறையில் ஹார்மனி போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு பியானோ உருப்படி எழுதினேன். மூன்று மாத உழைப்பு. வாசித்துக் காட்டினால் வீட்டில் அத்தனை பேரும் "நல்லாருக்கு, சினிமாப் பாட்டு மாதிரி இருக்கு" என்றார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள், எனக்குத்தான் மனசு விட்டுப்போனது. மெட்டு அதேதான், ஒரு சுரம்கூட மாற்றவில்லை, ஆனால் எங்கள் கோயில் அதில் எங்குமே இல்லை.

அப்புறம்தான் ஃபாஸில் சாய் கண்ணில் பட்டார். துருக்கிக்காரர், 1970ல் அங்காராவில் பிறந்தவர், பியானோ வாசிப்பவர், இசையமைப்பாளரும்கூட. 1997ல் 'கறுப்பு மண்' என்று தனிப் பியானோவுக்கு ஒன்று எழுதியிருக்கிறார். ஆரம்பத்திலேயே இடது கையைப் பியானோவுக்குள் விட்டுத் தந்திகளை அழுத்திக்கொண்டு, வலது கையால் கட்டையை வாசிக்கிறார். பியானோ சத்தமே வரவில்லை! ஏதோ மர வாத்தியத்தை யாரோ நகத்தால் மீட்டுகிற மாதிரி இருக்கிறது. நடுவில் பெரிய பெரிய கார்டுகளோடு, அதாவது சுர அடுக்குகளோடு, முழுப் பியானோவாகப் பொங்கி, ஜாஸ் பக்கமும் ஒரு நடை போய்விட்டு, கடைசியில் மறுபடியும் அந்த அடங்கிய தந்திக்கே வந்து நிற்கிறது. ஒரே ராத்திரியில் இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

என் சந்தேகம் இதுதான். துருக்கி இசையிலும் நம்மைப் போலவே பியானோவின் பன்னிரண்டு கட்டைக்குள் அடங்காத சுரங்கள் உண்டு என்கிறார்கள். அப்படியிருந்தும் இவர் வாசித்தால் அது அவர் ஊர் மாதிரி கேட்கிறது. நான் வாசித்தால் ஏன் சினிமா மாதிரி ஆகிறது? அவர் என்ன செய்கிறார், நான் எதை விட்டேன்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.


அம்பை வயலின்:

தம்பி, முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித் தருகிறேன், கர்நாடகமும் மேற்கத்தியமும். அதனால் சுரக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது.

துருக்கியில் மகாம் என்பது நம்ம ராகத்துக்குச் சொந்தக்காரப் பிள்ளை மாதிரி. வெறும் ஏறுவரிசை இறங்குவரிசை இல்லை, எந்தச் சுரத்தில் தொடங்குவது, எதில் போய்த் தங்குவது, எங்கே வந்து முடிப்பது என்று நடைக்கும் இலக்கணம் உண்டு. ஒரு முழுச்சுரத்தை ஒன்பதாக நறுக்கி ஒவ்வொரு நறுக்கையும் கோமா என்பார்கள், ஒரு ஸ்தாயிக்கு 53 கோமா. அதில் 24 இடங்களைப் பொறுக்கிப் பெயர் வைத்திருக்கிறார்கள், சம இடைவெளியில் அல்ல. ஹிஜாஸ் மகாமை எடுத்துக்கொள். முதல் நாலு சுரத்தைக் கீபோர்டில் வாசித்தால் நம்ம மாயாமாளவகௌளை ச ரி க ம போல இருக்கும். ஆனால் அவர்கள் கணக்கில் இடைவெளி 5, 12, 5 கோமா. கீபோர்டில் அந்த நடு இடைவெளி 13க்கும் மேலே போய்விடும். அதாவது அவர்கள் ரிஷபம் ஒரு மயிரிழை மேலே, காந்தாரம் ஒரு மயிரிழை கீழே. கீபோர்டில் அடித்தால் ரிக்கும் கவுக்கும் நடுவே பள்ளம் விழுந்துவிடும், அந்தப் பள்ளம்தான் சினிமாவில் வருகிற 'அரபு நாட்டுக் காட்சி'. உன் பிரச்சினையின் ஒரு கால் இங்கே இருக்கிறது.

உஷ்ஷாக் மகாமில் இன்னும் சிக்கல். இரண்டாம் சுரம் ஏட்டில் ஓர் இடம், பாடுகிறவர் வாயில் அதைவிடத் தாழ்ந்த இடம். நம்ம தோடி காந்தாரத்தைப் புள்ளி வைத்துக் காட்டச் சொன்னால் எப்படி முழிப்போமோ அப்படி.

24 என்ற எண்ணைக் கண்டதும் எனக்கு ஆபிரகாம் பண்டிதர் நினைப்பு வந்துவிடும். நம்ம தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859ல் பிறந்தவர். 22 சுருதி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லை, தமிழிசைக்கு 24, அதுவும் சம அளவு என்று 1917ல் 'கருணாமிர்த சாகரம்' போட்டு வாதாடிய மனிதர். அவர் சொன்னது சரியா தப்பா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அடங்காத சுரத்தை எப்படியாவது கணக்குக்குள் அடக்கவேண்டும் என்ற தவிப்பு அங்காராவிலும் உண்டு, சாம்பவர் வடகரையிலும் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சரி, சாய்க்கு வருவோம். அவர் செய்வதில் எனக்குப் பிடித்தது, பியானோவால் கோமா முடியாது என்றால் முடியும் என்று பாசாங்கு செய்வதில்லை. 'கறுப்பு மண்'ணில் அவர் கொண்டுவருவது ஸாஸ் என்ற துருக்கித் தந்தி வாத்தியத்தின் சுரத்தை இல்லை, அதன் உடம்பை. தந்தியில் விரல் உரசுவது, அதிர்வு சட்டென்று சாவது, அதற்குப் பின்னால் வருகிற சும்மா இருத்தல். கோமா தேவைப்படுகிற இடத்தில் அதற்கு உரியவர்களையே கூப்பிட்டு உட்கார வைக்கிறார். 2010ல் ஜெர்மனியில் டோர்ட்முண்டில் முதலில் வாசிக்கப்பட்ட அவருடைய இஸ்தான்புல் சிம்பொனியில் ஆர்கெஸ்ட்ராவோடு நேய் என்ற நாணல் குழல், கானூன் என்ற தந்தி வாத்தியம், குடூம் என்ற சின்னக் கொட்டு எல்லாம் உண்டு. கானூனில் ஒவ்வொரு தந்திக் கொத்துக்கும் சின்னச் சின்ன உலோக நெம்புகோல்கள் இருக்கும், வாசிக்கும்போதே இடது கையால் தட்டித் தட்டிக் கோமாவை மாற்றிக்கொண்டே போவார்கள். பார்த்தால் கண் எடுக்க முடியாது.

அடுத்தது ஹார்மனி, உன் பிரச்சினையின் இன்னொரு கால். நாட்டுப்புற மெட்டுக்கு மேஜர், மைனர் கார்டு போட்ட உடனே அது 'அடுத்து எங்கே போகவேண்டும்' என்று கார்டு சொல்கிற வழிக்குப் போய்விடும், மெட்டு சொல்கிற வழி அடைபட்டுப்போகும். துருக்கிக்காரர்கள் இதில் நாம் படாத பாடு பட்டிருக்கிறார்கள். குடியரசு வந்த பிறகு நாட்டுப்புற மெட்டுக்கு ஹார்மனி போடுவதை அரசாங்கமே ஒரு கொள்கையாக எடுத்துக்கொண்டது, 1934ல் பழைய ஒட்டோமன் இசையை ரேடியோவில் போடக்கூடாது என்று நிறுத்திக்கூட வைத்தார்கள். வெளிநாட்டுக்குப் போய்ப் படித்து வந்த ஐந்து இசையமைப்பாளர்களைத் துருக்கி ஐவர் என்பார்கள். அவர்களில் அதனான் சாய்குன் முக்கியமானவர். 1936ல் இசையமைப்பாளர் பேலா பார்டோக் ஹங்கேரியிலிருந்து வந்து அதானா பக்கம் கிராமம் கிராமமாகப் பாட்டுப் பதிவு செய்தபோது கூடவே போனவர். அப்புறம் கெமால் இலெரிஜி என்று ஒருவர், மூன்றாம் சுரத்தை அடுக்கிக் கட்டும் கார்டு நமக்கு ஒட்டாது, நாலாம் சுரத்தை அடுக்குவோம் என்று ஒரு முறையே வகுத்தார். ச ம நி என்று அடுக்கிப் பார். மேஜரா மைனரா என்று அது தீர்ப்புச் சொல்லாது, மெட்டுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். உன் உருப்படியை இப்படி ஒருமுறை மாற்றி எழுது, முன்பு ஏன் சினிமாவாக இருந்தது என்று உனக்கே தெரிந்துவிடும்.


வீரவநல்லூர் தவில்:

டீச்சர் சொன்ன கணக்கெல்லாம் நல்ல விஷயம். ஆனால் எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மூன்று தலைமுறையாக நையாண்டி மேளம். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் ஊருக்குப் பக்கம் என்பதால் நாதஸ்வரம் என்றால் என்ன என்று காது பழகியவர்கள். சில வருடம் முன்னால் பெரிய நகரம் ஒன்றில் ஃப்யூஷன் கச்சேரி என்று கூப்பிட்டார்கள். போனால் மேடையில் முன்வரிசையில் பட்டுவேட்டியோடு உட்கார வைத்தார்கள். ஒன்றரை மணி நேரக் கச்சேரியில் எனக்கு விட்டது முப்பத்திரண்டு அட்சரம். "கொஞ்சம் கிராமத்து எஃபெக்ட் வேணும் சார்" என்றார்கள். அன்றைக்கு ஊர் திரும்புகிற ரயிலில் நான் யாரோடும் பேசவில்லை.

அதனால் ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவே நேய், கானூன் உட்கார்ந்திருக்கிறது என்றால் முதலில் நான் கேட்பது, அவர்களுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறது என்பதைத்தான். இந்தச் சாயின் வயலின் கான்செர்ட்டோவுக்கு, அதாவது ஆர்கெஸ்ட்ராவோடு தனி வயலின் வாசிக்கிற உருப்படிக்கு, 'ஹாரெமில் 1001 இரவுகள்' என்று பெயராம். பெயரைக் கேட்டதுமே வெளிநாட்டுக்காரன் வாங்குகிற போஸ்ட்கார்டு படம் போல இருந்தது. இருந்தாலும் கேட்காமல் பேசக்கூடாது என்று இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டேன், சிம்பொனியையும் கேட்டேன்.

தாளம் நெஞ்சில் அறைகிறது, அதில் மறுபேச்சு இல்லை. அவர்கள் ஊரில் ஒன்பது என்றால் நம்ம சங்கீர்ணம் மாதிரி நாலு ஐந்து இல்லை. தக தக தக தகிட, அதாவது இரண்டு இரண்டு இரண்டு மூன்று. மூன்று தரம் சமமாக நடந்துவிட்டு நாலாவது எட்டில் கால் கொஞ்சம் இழுத்து வைப்பது. அதற்கு அக்சக் என்று பெயர், நொண்டுவது என்றே அர்த்தமாம். நம்மிடம் நொண்டிச் சிந்து இருக்கிறது. தாளம் வேறு, ஆனால் ஆடிக் காட்டுகிறவனின் காலைப் பார்த்துத்தான் இரண்டு ஊரிலும் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது சந்தோஷமாக இருந்தது. டேவ் புரூபெக் 1959ல் ஜாஸில் போட்டது இதே ஒன்பதுதான், இஸ்தான்புல் தெருவில் வாசித்தவர்களிடம் கேட்டு எடுத்தது.

தம்பி, உனக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. குடத்தைப் பியானோவில் கொண்டுவருவதற்கு முன்னால் குடம் அடிக்கிறவர் பக்கத்தில் ஒரு கொடை முழுக்கப் போய் உட்கார். பத்தி எப்போது வாயை முழுக்க மூடுகிறது, எப்போது ஓரத்தில் மட்டும் படுகிறது, முன்னால் பாடுகிற அண்ணாவி வரியை இழுத்தால் குடம் காத்திருக்கிறதா, அவரை முந்தி இழுக்கிறதா என்று பார். நீ மெட்டைத்தான் எடுத்தாய். வில்லுப்பாட்டில் மெட்டு பாதிதான்.


தூத்துக்குடி கப்பல்காரன்:

தவில் அண்ணாச்சி சொன்ன மனக்கஷ்டம் நியாயமானது. ஆனால் அந்த சிம்பொனியைப் போஸ்ட்கார்டு என்று சொன்னால் எனக்கு ஒப்பாது.

கப்பலில் இன்ஜின் ரூம் ஆள் நான். 2008ல் எங்கள் கப்பல் இஸ்தான்புல்லில் ஹைதர்பாஷா துறைமுகத்தில் நாலு நாள் கிடந்தது. துறைமுகத்தை ஒட்டியே ஹைதர்பாஷா ரயில் நிலையம், மூன்று பக்கம் கடல் பார்க்கிற பெரிய கட்டடம், ஜெர்மன்காரர்கள் கட்டியது. அப்போது ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அனடோலியா கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி, எதிரே கடலைப் பார்த்து அப்படியே நிற்பார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் போய் எழும்பூரில் முதல் தடவை இறங்கியவர்களுக்கு அந்த முகம் தெரியும். அந்த நிலையப் படியில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

இஸ்தான்புல் சிம்பொனியில் ஏழு பகுதி. ஐந்தாவது பகுதியின் பெயரே ஹைதர்பாஷாவிலிருந்து அனடோலியாவுக்குப் போகும் பயணிகளைப் பற்றியது. நாலாவது, தீவுகளுக்குப் போகிற படகில் நன்றாக உடுத்திக்கொண்டு போகிற இளம்பெண்கள். சிம்பொனி தொடங்குவதே கடல் அலைச் சத்தத்தில். சுற்றுலா வந்தவன் மசூதியோடு நிறுத்திக்கொள்வான், அவன் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதமாட்டான். ஊரை விட்டுப் போகிறவனையும் ஊருக்கு வருகிறவனையும் பார்த்து வளர்ந்தவன்தான் எழுதுவான். நேய்க்கு என்ன வேலை என்று கேட்டீர்கள் அண்ணாச்சி. பிறகு சாய், நேய்க்கென்றே தனியாக ஒரு கான்செர்ட்டோ எழுதினார், 'ஹெஸார்ஃபென்' என்று. இறக்கை கட்டிக்கொண்டு கலாட்டா கோபுரத்திலிருந்து பறந்ததாக அவர்கள் கதை சொல்கிற ஆள்தான் ஹெஸார்ஃபென். அதில் நேய்தான் நாயகன், ஆர்கெஸ்ட்ரா அதற்குப் பின்னால் வருகிறது. உங்களுக்கு விட்ட முப்பத்திரண்டு அட்சரம் மாதிரி இல்லை.

இன்னொன்றும் பார்த்தேன். துறைமுகத்துக்கு வெளியே ஒரு கல்யாண ஊர்வலம். டாவுல் என்று பெரிய கொட்டு, ஒரு பக்கம் கனத்த கம்பு, மறுபக்கம் மெல்லிய குச்சி. கூடவே ஸுர்னா, நம்ம நாதஸ்வரத்துக்குக் கொஞ்சம் குட்டைத் தம்பி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், திருச்செந்தூர்ச் சாலையில் நிற்கிற மாதிரியே இருந்தது. இந்த ஸுர்னாவும் டாவுலும் சிஞ்சா என்ற பெரிய ஜால்ராவும்தான் முன்னாளில் சுல்தான் படையோடு ஐரோப்பா எல்லைவரை போனவை. அதைக் கேட்டுத்தான் மொஸார்ட் காலத்து ஆர்கெஸ்ட்ராவுக்குள் பெரிய டிரம்மும் சிஞ்சாவும் நுழைந்தன. கீபோர்டு தம்பி, உங்கள் சர்ச் டிரம் செட்டில் ஸில்ஜியன் என்று போட்ட சிம்பல் இருந்தால் பாருங்கள், 1623ல் இஸ்தான்புல்லில் ஓர் ஆர்மீனியக் குடும்பம் தொடங்கிய பட்டறை அது. கலக்கிறார்கள் கலக்கிறார்கள் என்கிறோம், கலந்து இருநூறு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது.

அப்புறம் அந்தக் கறுப்பு மண். அது ஆஷிக் வெய்சலின் பாட்டு. சிவாஸ் பக்கம் சின்ன கிராமம், 1894ல் பிறந்தவர், ஏழு வயதில் அம்மையில் ஒரு கண் போனது, பிறகு ஒரு விபத்தில் மற்றதும் போனது, ஸாஸ் வாசித்துப் பாடியே வாழ்ந்து 1973ல் காலமானார். என் உண்மையான துணை இந்தக் கறுப்பு மண்தான் என்று பாடுகிறார். மண்வெட்டியால் அதன் வயிற்றைக் கிழித்தேன், அது பூவோடுதான் என்னை எதிர்கொண்டது என்று வரும். எங்கள் கப்பலில் இருந்த துருக்கி எலக்ட்ரீசியன் வரி வரியாக அர்த்தம் சொன்னார். நான் எட்டயபுரம் பக்கம் கரிசல்காட்டில் பிறந்தவன். ஒரு மழைக்குக் காலில் அப்பிக்கொண்டு விடாது, கோடையில் கை போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், அதில்தான் கம்பும் பருத்தியும் போட்டுச் சாப்பிட்டோம். அன்றைக்கு இன்ஜின் ரூமில் நின்றுகொண்டு அழுதேன். சாய் பியானோவுக்குள் கையை விடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது வித்தையாகத் தெரியவில்லை, மண்ணுக்குள் கை விடுவதாகத்தான் தெரிகிறது.


அம்பை வயலின்:

எட்டயபுரம் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முத்துசுவாமி தீட்சிதர் கடைசியாக இருந்து 1835ல் மறைந்தது அங்கேதான். இங்கிலீஷ்காரர்களின் பேண்டு மெட்டைக் கேட்டு, அதற்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டு நோட்டுஸ்வரம் என்று தந்தவர். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்று அதை நம்ம இசைக்கு மாற்றியவர், அவரும் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான். இருவரும் எதிரெதிர் வழி. அண்ணன் அவர்கள் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு நம்ம சொல்லைப் போட்டார். தம்பி அவர்கள் வாத்தியத்தை வாங்கி, பிடிக்கிற விதத்தையும் சுருதியையும் மாற்றி, அதை நம்ம குரல் மாதிரி பேச வைத்தார். எது வேர் பிடித்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை, என் தோளில் தினமும் அதுதான் கிடக்கிறது. சாய் செய்வதும் தம்பி வழிதான் என்று எனக்குப் படுகிறது.

கையை உள்ளே விடுவதற்கு முன் ஒரு வார்த்தை. விரலில் எண்ணெய்ப்பசை இருந்தால் தந்தி துருப்பிடிக்கும், கை கழுவித் துடைத்துக்கொண்டு தொடு, முடித்ததும் உலர்ந்த துணியால் துடை. சர்ச் வாத்தியம் என்றால் கேட்டுக்கொண்டு செய்.


கொக்கிரகுளம் கீபோர்டு:

டீச்சர், அண்ணாச்சிமார், எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், சும்மா நன்றி சொல்லிவிட்டுப் போகக்கூடாது என்று செய்து பார்த்துவிட்டு வந்தேன்.

எங்கள் சர்ச் ஹாலில் ஒரு பழைய நிமிர்ந்த பியானோ கிடக்கிறது. பாதிரியார் ஐயரிடம் அனுமதி வாங்கி, முன்பலகையைக் கழற்றிவிட்டுத் தந்தியில் கை வைத்தேன். முதல் நாள் ஒன்றும் சரிப்படவில்லை. கீழ் ஸ்தாயியில் கனத்த தந்தியை நடுவில் அழுத்தினால் செத்த கட்டைச் சத்தம்தான் வந்தது. மேலே தந்தி சுற்றிய முளைக்குப் பக்கத்தில் உள்ளங்கையின் ஓரத்தை லேசாக வைத்து, கட்டையை ஓங்கி அடித்து, அடித்த உடனே கையை எடுத்தால், முதலில் ஒரு தட்டல், பின்னாலேயே ஒரு 'கும்' எழும்புகிறது. எடுக்கிற நேரம் கொஞ்சம் பிந்தினாலும் வராது. தவில் அண்ணாச்சி சொன்ன பத்தி விஷயம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பத்தி வாயில் பட்ட வேகத்திலேயே விலகுகிறது. நான் இத்தனை வருடம் அடியை மட்டும் கேட்டிருக்கிறேன், விலகலைக் கேட்கவில்லை.

பழைய உருப்படியில் இருந்த கார்டுகளை முழுக்க எடுத்துவிட்டேன். ச ம நி அடுக்கை மூன்றே இடத்தில் வைத்திருக்கிறேன், மற்ற இடமெல்லாம் ஒற்றை மெட்டும் கீழே அந்தக் கும்மும்தான். ஐந்து நிமிடம் இருந்தது இரண்டரை நிமிடமாகிவிட்டது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, "மாடனுக்கு இந்தத் தடவை கொடை எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கோயிலில் கொடை, வில்லுப்பாட்டு உண்டு. குடம் அடிக்கிறவரிடம் பேசிவிட்டேன், பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் என்றார். தவில் அண்ணாச்சி, அன்றைக்கு வேறு மேளம் இல்லையென்றால் நீங்களும் வரமுடியுமா? வீரவநல்லூருக்கே வந்து பைக்கில் கூட்டிக்கொண்டு போகிறேன்.


வீரவநல்லூர் தவில்:

செவ்வாய் எனக்கும் கொடைதான் தம்பி, களக்காடு பக்கம். பத்து மணிக்கு மேல் சாமக்கொடைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைக்கும். நீ இருக்கிற இடத்தைச் சொல், அந்த நேரத்துக்கு நானே வந்துவிடுகிறேன். அந்த ஒன்பது கணக்கைக் குடத்தில் போட்டால் அவர் எப்படி வாங்குகிறார் என்று எனக்கும் பார்க்கவேண்டும்.